தலைவனான பிறகு குழுவில் யாரும் வாயைத் திறப்பதில்லை

முதல்படி · திங்கள் இரவு 11.20

வணக்கம். பல வருடங்களாக இங்கே படித்துவிட்டுப் போகிறவன். எழுதுவது இதுதான் முதல் முறை.

11 வருடம் நிரல் எழுதினேன். நான்கு மாதங்களுக்கு முன் ஆறு பேர் கொண்ட குழுவுக்கு என்னைத் தலைவனாக்கினார்கள். அந்த ஆறு பேரில் நான்கு பேர் அதுவரை என் பக்கத்து மேசைக்காரர்கள்.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். குழுவில் வயதில் சிறியவர் ஒருவர், கணக்குகளைச் சரிபார்க்கும் பகுதியை எழுதிக் கொடுத்தார். வேலை செய்தது. ஆனால் சுற்றி வளைத்து எழுதப்பட்டிருந்தது. தரவு கூடினால் மூச்சு வாங்கும். மறுநாள் காலை ஒப்படைக்க வேண்டும். இரவு உட்கார்ந்து மூன்று மணி நேரத்தில் நானே திருப்பி எழுதிவிட்டேன். விடிந்ததும் குழுவுக்கு "சில சிறு மாற்றங்கள் செய்திருக்கிறேன்" என்று ஒரு வரி அனுப்பினேன். எல்லாம் சரியாக ஓடியது. அவரும் "சரி" என்றார்.

அன்றிலிருந்து எதைக் கேட்டாலும் "நீங்கள் சொல்கிறபடியே செய்துவிடலாம்" என்கிறார். இப்போது மற்றவர்களும் அதே பாட்டைப் பாடுகிறார்கள். கூட்டத்தில் நான் பேசுகிறேன், ஆறு தலைகள் ஆடுகின்றன. நேற்று ஒரு சர்வர் விழுந்தது. அது தள்ளாடிக்கொண்டிருப்பது இரண்டு பேருக்கு மூன்று நாட்களாகத் தெரியுமாம். எனக்குத்தான் கடைசியில் தெரிந்தது.

நான் யாரையும் திட்டியதில்லை. குரலை உயர்த்தியதுகூட இல்லை. "புன்னகையோடு பேசுங்கள், பிறந்தநாளை நினைவில் வையுங்கள்" என்ற வகை அறிவுரைகளைப் படித்துச் சலித்துவிட்டேன். எங்கே சறுக்குகிறேன் என்று யாராவது சொல்ல முடியுமா?

---

அரைப்புள்ளி · திங்கள் இரவு 11.41

நிரலைச் சரிசெய்ய மூன்று மணி நேரம். அவரை மறுபடி வாய் திறக்க வைக்க மூன்று மாதம். மொத்தச் செலவைக் கூட்டிப் பாருங்கள்.

---

நேர்கோடு · செவ்வாய் காலை 7.05

நான் வேறு மாதிரி சொல்கிறேன். நீங்கள் செய்ததில் தப்பே இல்லை. மோசமான நிரல் வந்தது, நல்ல நிரலாக்கி அனுப்பினீர்கள். வாடிக்கையாளர் பிழைத்தார். பொறியாளர்கள் தங்களைவிடத் திறமையானவனைத்தான் மதிப்பார்கள். கைத்திறமை மங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், மதிப்பு தானாக வரும். "மனிதர்களைக் கையாளும் திறன்" என்பது தொழில் தெரியாத மேலாளர்கள் தங்கள் சம்பளத்துக்குக் காரணம் காட்டக் கண்டுபிடித்த சொல்.

---

பழையதிருகு · செவ்வாய் காலை 9.30

தம்பி முதல்படி, எனக்கு நிரல் பற்றி ஒன்றும் தெரியாது. 34 வருடம் டர்பைன்களோடு குடித்தனம் நடத்தி ஓய்வு பெற்றவன். ஆனால் தலையாட்டுகிற ஆட்களை எனக்கு நன்றாகத் தெரியும். நானே நிறையப் பேரை அப்படி ஆக்கியிருக்கிறேன்.

பராமரிப்புப் பிரிவுக்குப் பொறுப்பேற்ற முதல் வருடம். ஒரு நாள் மாலை வீட்டுக்குக் கிளம்பும்போது ஒரு பேரிங்கைக் கடந்து போனேன். "இதன் சத்தம் கொஞ்சம் வேறு மாதிரி இருக்கிறதே" என்று வாயில் வந்ததைச் சொல்லிவிட்டுப் போய்விட்டேன். மறுநாள் வந்து பார்த்தால் இயந்திரம் திறந்து கிடக்கிறது. இரவுப் பணியில் இருந்தவர்கள் ஒரு முழு ஷிப்டை அதற்கே செலவழித்திருந்தார்கள். பேரிங்கில் ஒரு கீறல்கூட இல்லை. "ஏன் பிரித்தீர்கள்?" என்றேன். "நீங்கள்தானே சொன்னீர்கள்" என்றார்கள்.

அதற்கு ஒரு வருடம் முன்னால், அவர்களில் ஒருவனாக இருந்தபோது, இதையே பத்துத் தடவையாவது சொல்லியிருப்பேன். ஒருவரும் திரும்பிப் பார்த்ததில்லை. சொல் அதேதான், சொன்னவனின் நாற்காலி மாறியிருந்தது. அந்த மாற்றம் எல்லாருக்கும் தெரிந்திருந்தது, எனக்கு மட்டும் உறைக்கவில்லை.

அதற்குப் பிறகு ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். வாயைத் திறக்கும் முன், வரப்போவது எந்த வகை என்று முதலில் சொல்லிவிடுவேன். "சும்மா யோசிக்கிறேன்", "இது என் கருத்து, மறுக்கலாம்", "இது முடிவு". மூன்றே வகை. முதல் இரண்டு மாதம் சிரித்தார்கள். பிறகு அவர்களே "ஐயா, இது எந்த வகை?" என்று கேட்க ஆரம்பித்தார்கள்.

இன்னொன்று, கடைசியில் பேசுங்கள். இராணுவ நீதிமன்றங்களில் தீர்ப்புக்கு வாக்களிக்கும்போது பதவியில் இளையவர் முதலில் வாக்களிக்கும் வழக்கம் பழைய காலத்திலிருந்தே உண்டு. மூத்தவர் வாயைத் திறந்துவிட்டால் இளையவரின் வாக்கு எந்தப் பக்கம் சாயும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. நீங்கள் கூட்டத்தில் முதல் ஆளாக விடையைச் சொல்லிவிடுகிறீர்கள் என்று நினைக்கிறேன். அதிலும் விடை பெரும்பாலும் சரியாகவே இருக்கும். தவறாக இருந்தாலாவது யாராவது மறுப்பார்கள்.

---

கீழ்வரிசை · செவ்வாய் மதியம் 1.15

நான் அந்தப் பக்கத்து ஆள். உங்கள் குழுவில் இல்லை, ஆனால் கதை அப்படியே என்னுடையது. வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம்.

நான் எழுதியது 400 வரி. காலையில் பார்த்தபோது அதில் 12 வரி மிச்சம் இருந்தது. பக்கத்தில் "சிறு மாற்றங்கள்" என்று ஒரு குறிப்பு. "முழுவதையும் மாற்றிவிட்டேன்" என்று எழுதியிருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. வீட்டையே இடித்துக் கட்டிவிட்டு ஜன்னலுக்கு வண்ணம் அடித்தேன் என்று சொன்னது போல இருந்தது. எது தப்பு என்று கேட்கவும் வழியில்லை. மாற்றியதே சிறியதுதானே!

பிறகு மனதுக்குள் ஒரு கணக்குப் போட்டேன். எப்படி எழுதினாலும் அவர் திருத்தத்தான் போகிறார். அப்படியானால் நான் ஏன் இரண்டாவது முறை சரிபார்க்க வேண்டும்? அன்று முதல் முக்கால்வாசியில் நிறுத்திக் கொடுக்கத் தொடங்கினேன். இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. ஆனால் நடந்தது அதுதான்.

கெட்ட செய்தி ஏன் உங்களுக்குக் கடைசியில் வருகிறது என்பதற்கும் எனக்குத் தெரிந்த காரணத்தைச் சொல்கிறேன். எங்கள் தலைவரும் திட்ட மாட்டார். ஒரு பிழையைக் கொண்டு போனால் ஒரு பெருமூச்சு விடுவார், விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வார், பத்து நிமிடத்தில் சரிசெய்துவிட்டு "ஆயிற்று" என்பார். நான் பக்கத்தில் நின்று அவர் முதுகைப் பார்த்துக்கொண்டிருப்பேன். இரண்டு முறை அப்படி நின்றேன். மூன்றாவது முறை போகவில்லை. நானே சரிசெய்துவிடலாம் என்று மூன்று நாள் மல்லுக்கட்டினேன்.

உங்கள் சர்வர் விஷயத்திலும் அந்த மூன்று நாள் இப்படித்தான் போயிருக்கும் என்று தோன்றுகிறது.

---

முதல்படி · செவ்வாய் இரவு 10.02

கீழ்வரிசை, உங்கள் பதிவை மூன்று முறை படித்தேன். பெருமூச்சு. ஆம், விடுகிறேன். அது என்னைப் பார்த்து நானே விடுவது, இவ்வளவு வேலை கிடக்கிறதே என்று. எதிரில் நிற்பவர் அதைத் தனக்கு என்று எடுத்துக்கொள்வார் என்று நினைத்ததே இல்லை.

ஆனால் ஒன்று கேட்கிறேன், வாதத்துக்காக இல்லை. மறுநாள் காலை ஒப்படைக்க வேண்டும். நிரல் தாங்காது என்று எனக்குத் தெரிகிறது. அந்த இரவில் வேறு என்ன செய்திருக்க முடியும்?

---

மின்கம்பி · செவ்வாய் இரவு 11.50

அந்த இரவைப் பிடித்துக்கொண்டு நிற்காதீர்கள். தப்பு அதற்கு இரண்டு வாரம் முன்னால் நடந்துவிட்டது. அவர் எழுதிக்கொண்டிருந்ததை நீங்கள் கடைசி மாலையில்தான் முதல் முறையாகப் பார்த்திருக்கிறீர்கள், இல்லையா?

நான் மின் துணைநிலையப் பராமரிப்பில் ஒன்பது பேருக்குப் பொறுப்பு. ஆண்ட்ரூ குரோவ் அடிப்படையில் வேதிப் பொறியாளர், பிறகு இன்டெல் நிறுவனத்தை நடத்தியவர். 1983இல் வெளிவந்த தன் மேலாண்மை நூலில் அவர் சொன்ன ஒரு கருத்து எனக்கு மிகவும் உதவியது. ஒருவரை எவ்வளவு நெருக்கமாகக் கவனிக்க வேண்டும் என்பது அவர் பொதுவாக எவ்வளவு கெட்டிக்காரர் என்பதைப் பொறுத்ததல்ல, குறிப்பிட்ட அந்த வேலையில் அவருக்கு எவ்வளவு பழக்கம் என்பதைப் பொறுத்தது. ரிலே சோதனையில் கைதேர்ந்த ஒருவரை முதல் முறையாக ஒப்பந்ததாரரிடம் பேச அனுப்பினால், அந்த வேலையில் அவர் புதியவர்தான். அவரைத் தனியே விடுவது நம்பிக்கை ஆகாது, கைவிடுவதுதான். அதே ஆளின் ரிலே சோதனையில் நான் மூக்கை நுழைத்தால் அது அவமானம். ஒரே ஆள், ஒரே வாரம், இரண்டு விதமான மேற்பார்வை.

உங்கள் இளையவருக்கு அந்த அளவு தரவைக் கையாளும் வேலை புதியது என்றால், இரண்டாம் நாளே பக்கத்தில் உட்கார்ந்து "எப்படிப் பிரித்து எழுதப்போகிறீர்கள், காட்டுங்கள்" என்று கேட்டிருக்கலாம். கால் மணி நேர வேலை.

சரி, அந்த இரவுக்கே வருகிறேன். அவரைக் கூப்பிட்டு இருவரும் சேர்ந்து மாற்றியிருக்கலாம். மூன்று மணி நேரம் நான்கரை ஆகியிருக்கும். அதற்கும் வழியில்லை, நீங்களே எழுதித்தான் ஆக வேண்டும் என்றால் எழுதுங்கள், அது குற்றமில்லை. ஆனால் காலையில், குழுவுக்கு வரி அனுப்பும் முன், அவரிடம் தனியாகப் போய் உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும். "இரவு முழுவதையும் நான் மாற்றி எழுதினேன். உங்களைக் கூப்பிட்டிருக்க வேண்டும், கூப்பிடவில்லை. ஒரு இடம் எனக்குப் பயமாக இருந்தது, அதைக் காட்டட்டுமா?" இவ்வளவுதான். கசப்பு இருக்கும், ஆனால் மர்மம் இருக்காது.

குறை சொல்வது பற்றி ஒரு வார்த்தை. இரண்டு பாராட்டுகளுக்கு நடுவில் ஒரு குறையை ஒளித்துக் கொடுக்கச் சொல்லும் வகுப்புகள் உண்டு. செய்யாதீர்கள். ஆறு மாதத்தில் உங்கள் குழு பாராட்டைக் கேட்டாலே "அடுத்து என்ன வரப்போகிறதோ" என்று விறைக்கத் தொடங்கும். குறையைக் குறையாகவே சொல்லலாம், ஆனால் ஆளைச் சொல்லாமல் நடந்ததைச் சொல்ல வேண்டும். "உங்களுக்குப் பொறுப்பில்லை" என்றால் அவர் தன் குணத்துக்காக வாதாடுவார். "செவ்வாயும் வியாழனும் சோதனை முடிவு பதியப்படவில்லை, அடுத்த ஷிப்ட் அது தெரியாமல் இணைப்பு கொடுக்கப் போனது" என்றால் வாதாட ஒன்றுமில்லை. அதற்குப் பிறகு "என்ன நடந்தது?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். பாதி நேரம் நமக்குத் தெரியாத ஒரு காரணம் வரும். என் விஷயத்தில் பதிவேடு வேறு கட்டடத்துக்கு மாற்றப்பட்டிருந்தது. மாற்றச் சொன்னது நான்.

இன்னொரு சங்கதி, இது உங்களுக்கு நேராகப் பொருந்தாது. ஆண் மேலாளர் சுருக்கமாகச் சொன்னால் "தெளிவானவர்". அதே வாக்கியத்தை நான் சொன்னால் "கோபக்காரி". ஆகவே "நேராகப் பேசுங்கள்" என்று எல்லாருக்கும் ஒரே மருந்து எழுதிக் கொடுப்பவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும்.

---

நேர்கோடு · புதன் காலை 6.50

இதெல்லாம் குழந்தை வளர்ப்பு. சம்பளம் வாங்கும் பெரியவர்களுக்குப் பெருமூச்சு விட்டால்கூட மனம் நோகுமா? பொறியியலில் சரி, தப்பு என்று இரண்டுதான் உண்டு. பாலம் நிற்கும், இல்லை விழும். யார் எந்தக் குரலில் சொன்னார்கள் என்று பாலத்தின் மேல் ஏறும் எடை பார்ப்பதில்லை.

---

கறுப்புப்பெட்டி · புதன் காலை 10.15

நேர்கோடு, எடை பார்ப்பதில்லை என்பது உண்மை. ஆனால் எடையைப் பற்றிய செய்தி மனிதர்கள் வழியாகத்தான் வருகிறது. விபத்து விசாரணை அறிக்கைகளைப் படிப்பது என் பொழுதுபோக்கு, விசித்திரமான பொழுதுபோக்குத்தான். அதிலிருந்து ஒன்று.

1978 டிசம்பர் 28. யுனைடெட் 173ஆம் விமானம், டிசி-8 ரகம், போர்ட்லாந்தில் இறங்க வேண்டும். சக்கரங்களை இறக்கியபோது வழக்கத்துக்கு மாறான அதிர்வு. சக்கரம் பூட்டிக்கொண்டதைக் காட்டும் விளக்கும் எரியவில்லை. தலைமை விமானி அதைச் சரிபார்ப்பதிலும் பயணிகளை அவசரத் தரையிறக்கத்துக்குத் தயார்படுத்துவதிலும் ஆழ்ந்துவிட்டார். விமானம் சுமார் ஒரு மணி நேரம் வட்டமடித்தது. எரிபொருள் குறைந்துகொண்டே வந்தது. பக்கத்தில் இருந்த துணை விமானிக்கும் விமானப் பொறியாளருக்கும் அது தெரியும். அளவைப் பற்றிப் பேசினார்கள், சொன்னார்கள். ஆனால் "இப்போதே இறங்காவிட்டால் விழுவோம்" என்று தலைமை விமானியின் மண்டையில் ஏறும்படி எவரும் சொல்லவில்லை. இயந்திரங்கள் ஒவ்வொன்றாக நின்றன. 189 பேரில் 10 பேர் இறந்தார்கள்.

எரிபொருள்மானி சரியாகவே வேலை செய்தது. சரியான எண் அந்த அறைக்குள்ளேயே இருந்தது. தலைமை விமானி எரிபொருளைக் கவனிக்கவும், சக ஊழியர்கள் சொன்னதற்குச் செவிசாய்க்கவும் தவறியதை விசாரணை முதல் காரணமாகச் சொன்னது. மற்ற இருவரும் நிலைமையின் தீவிரத்தை முழுதாக உணரவோ, தங்கள் கவலையை உறைக்கும்படி எடுத்துச் சொல்லவோ தவறினார்கள் என்பதையும் சேர்த்தே சொன்னது.

அடுத்த வருடம், 1979இல், நாசா இது பற்றி ஒரு பயிலரங்கு நடத்தியது. 1981இல் யுனைடெட் நிறுவனமே தன் விமானிகளுக்கு இதற்கென்று தனிப் பயிற்சி தொடங்கியது. இன்று உலகம் முழுவதும் விமானிகளுக்கு அந்த வகைப் பயிற்சி உண்டு. கேட்பதும் சொல்வதும் அங்கே குணநலன் இல்லை. பயிற்சி கொடுத்து, சோதித்துப் பார்க்கிற தொழில்திறன்.

---

நேர்கோடு · புதன் மதியம் 12.40

நல்ல எடுத்துக்காட்டு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இன்னொன்றை நான் சொல்கிறேன். சேலஞ்சர் விண்கலம். 1986 ஜனவரி 27 இரவு, ராக்கெட் பூஸ்டர்களைச் செய்த மார்ட்டன் தியோகால் நிறுவனத்தின் பொறியாளர்கள் முணுமுணுக்கவில்லை. ரோஜர் பாய்ஸ்ஜோலி உள்ளிட்டவர்கள் தெளிவாகவே சொன்னார்கள், குளிரில் பூஸ்டரின் இணைப்புகளை அடைக்கும் ரப்பர் வளையங்கள் சரியாக மூடாது, ஏவாதீர்கள் என்று. கேட்டார்களா? மறுநாள் ஏவினார்கள். 73ஆவது விநாடியில் விண்கலம் சிதறியது, ஏழு பேர் போனார்கள். ஆகவே பொறியாளர்களுக்குப் "பேசக் கற்றுக்கொடுங்கள்" என்பது திசைதிருப்பல். பேசினார்கள். மேலே இருந்தவர்களுக்குக் காது இல்லை.

---

கறுப்புப்பெட்டி · புதன் மதியம் 1.25

நான் சொல்வதும் அதேதான், நீங்கள் என்னைவிட நன்றாகச் சொல்லிவிட்டீர்கள். காது யாருக்கு வேண்டும் என்பதுதானே கேள்வி. இந்தத் திரியைத் தொடங்கியவர் இப்போது மேலே இருப்பவர்.

அந்த இரவில் என்னை உறுத்துவது இன்னொரு ஆள். பொறியியல் பிரிவின் துணைத் தலைவர் ராபர்ட் லண்ட். அவரும் பொறியாளர், முதலில் தன் ஆட்களின் பக்கம்தான் நின்றார். நிறுவனத்தார் தங்களுக்குள் தனியாகப் பேசிய இடைவேளையில், மேலதிகாரி ஜெரால்ட் மேசன் அவரிடம் பொறியாளர் தொப்பியைக் கழற்றிவிட்டு மேலாளர் தொப்பியைப் போட்டுக்கொள்ளச் சொன்னார். அவர் மாறினார். முடிவும் மாறியது.

தலைவரான பொறியாளருக்கு இரண்டு பக்கமும் வேலை இருக்கிறது. கீழிருந்து வருவதைக் கேட்பது ஒன்று. கேட்டதை மேலே கொண்டுபோய் அங்கே வளையாமல் நிற்பது இன்னொன்று. இரண்டாவதைப் பற்றி இந்தத் திரியில் இதுவரை யாரும் பேசவில்லை.

---

அரைப்புள்ளி · புதன் மதியம் 1.31

நேர்கோடும் கறுப்புப்பெட்டியும் ஒத்துப்போன நாள். குறித்துவைத்துக்கொள்கிறேன்.

---

திரும்பிவந்தவன் · புதன் இரவு 9.10

மூன்று வருடம் மேலாளராக இருந்துவிட்டு மறுபடி தொழில்நுட்பப் பக்கமே வந்தவன் நான். தோற்று ஓடிவந்தேன் என்று சிலர் நினைக்கிறார்கள், நினைக்கட்டும்.

1969இல் லாரன்ஸ் பீட்டர் என்பவர், படிநிலை அமைப்பில் ஒவ்வொருவரும் தனக்குத் திறமை இல்லாத படி வரும்வரை உயர்த்தப்படுகிறார், அங்கேயே தங்கிவிடுகிறார் என்று பாதி நகைச்சுவையாக எழுதினார். நகைச்சுவை இல்லாத பாதியில் நான் மூன்று வருடம் வாழ்ந்தேன். மாலையில் வீட்டுக்குப் போகும்போது "இன்று என்ன செய்தேன்?" என்று கேட்டால் கையில் ஒன்றும் இருக்காது. நிரல் எழுதிய நாட்களில் ஏதாவது ஒன்று ஓடிக்கொண்டிருக்கும். அந்த வெறுமை தாங்காமல்தான் நானும் இரவில் உட்கார்ந்து மற்றவர்களின் வேலையைத் திருப்பி எழுதினேன். குழுவின் நன்மைக்காக என்று சொல்லிக்கொண்டேன். உண்மையில் என் பசிக்கு.

உங்களையே சோதித்துக்கொள்ள ஒரு வழி. நீங்கள் பத்து நிமிடத்தில் முடிக்கக்கூடிய ஒன்றை வேறொருவர் இரண்டு நாள் போராடி முடிக்கிறார். அவர் முகத்தைப் பார்க்கும்போது உங்களுக்குச் சந்தோஷம் வருகிறதா, போன இரண்டு நாள் நினைவுக்கு வருகிறதா? எனக்கு எப்போதும் இரண்டு நாள்தான். அதனால் திரும்பினேன். என் நிறுவனத்தில் தொழில்நுட்ப வரிசையிலும் மேலே போகப் படிகள் இருந்தன, அது அதிர்ஷ்டம். எல்லா இடத்திலும் இருப்பதில்லை.

இன்னொரு கேள்வி, கொஞ்சம் சங்கடமானது. அந்தப் பக்கத்து மேசைக்காரர்கள் நால்வரில் யாராவது உங்கள் பதவியை எதிர்பார்த்திருந்தார்களா?

---

முதல்படி · புதன் இரவு 11.33

ஒருவர் எதிர்பார்த்திருந்தார். என்னைவிட ஒரு வருடம் மூத்தவர். அறிவிப்பு வந்த அன்று முதல் ஆளாக வந்து கைகொடுத்தார். அதற்குப் பிறகு நாங்கள் அதைப் பற்றிப் பேசவே இல்லை. சர்வர் தள்ளாடுவது தெரிந்த இரண்டு பேரில் அவர் ஒருவர்.

இதை எழுதும்போதுதான் இரண்டையும் சேர்த்துப் பார்க்கிறேன்.

---

பழையதிருகு · வியாழன் காலை 8.20

சேர்த்துப் பார்த்தது சரி, ஆனால் அவசரப்பட்டு முடிச்சுப் போட்டுவிடாதீர்கள். வேண்டுமென்றே மறைத்தார் என்று வைத்துக்கொண்டு போனால் பேச்சு விசாரணையாகிவிடும். சர்வரைப் பற்றிக் கேட்கவே கேட்காதீர்கள். நான்கு மாதம் தள்ளிப்போட்ட பேச்சு எதுவோ அதைப் பேசுங்கள். "இந்த இடம் உங்களுக்கு வந்திருக்கலாம். எனக்கு வந்தது. அது உங்களுக்கு எப்படி இருக்கிறது என்று நான் கேட்கவே இல்லை." பதில் என்ன வந்தாலும் சமாதானம் சொல்லாதீர்கள். நடந்து போய்க்கொண்டே பேசுங்கள், நேருக்கு நேர் மேசையில் உட்கார்ந்தால் நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

---

மின்கம்பி · வியாழன் காலை 8.55

திருகு ஐயா சொன்னது அந்த ஒருவருக்கு. மற்றவர்களுக்கும் சேர்த்து: வாரம் ஒரு முறை, ஒவ்வொருவருக்கும் அரை மணி நேரம், தனித்தனியாக. ஆறு பேருக்கு மூன்று மணி நேரம், நீங்கள் அன்றிரவு செலவழித்த அதே மூன்று மணி நேரம். முதல் மூன்று சந்திப்பில் வேலை எங்கே நிற்கிறது என்ற கணக்குத்தான் ஒப்பிப்பார்கள். ஐந்தாவதிலோ ஆறாவதிலோ, கதவுப் பக்கம் போன பிறகு திரும்பி "இன்னொரு சின்ன விஷயம்" என்பார்கள். அதுதான் பெரிய விஷயம். ரத்து மட்டும் செய்யாதீர்கள். உங்களுக்கு அது ஆறில் ஒன்று, அவருக்கு அந்த வாரத்தில் இருப்பதே அந்த அரை மணிதான்.

கேள்வி கேட்டபின் மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள். நம்மில் பெரும்பாலோர் மூன்றிலேயே பதிலையும் நாமே சொல்லிவிடுவோம்.

நேர்கோடு அண்ணனுக்கு ஒரு தகவல். கூகுள் நிறுவனத்தில் மேலாளர்களால் ஏதாவது பயன் உண்டா என்றே சந்தேகப்பட்டு, 2008 வாக்கில் உள்ளுக்குள் ஓர் ஆய்வைத் தொடங்கினார்கள். புராஜெக்ட் ஆக்சிஜன் என்று பெயர். நல்ல மேலாளர்களிடம் காணப்பட்ட எட்டுப் பழக்கங்களைப் பட்டியலிட்டார்கள். நல்ல பயிற்சியாளராக இருப்பது முதலில் வந்தது. தொழில்நுட்பத் திறன் பட்டியலில் இருந்தது, எட்டாவதாக.

---

நேர்கோடு · வியாழன் காலை 9.40

ஒரே நிறுவனம், அதுவும் தன்னைத் தானே ஆராய்ந்தது. தவிர, அங்கே வேலைக்கு எடுக்கும்போதே தொழில்நுட்பத்தில் வடிகட்டிவிடுகிறார்கள். எல்லாரிடமும் இருப்பது வித்தியாசத்தைக் காட்டாது, எட்டாவதாகத்தான் வரும். ஆனால் பட்டியலில் இருந்தது என்று நேர்மையாகச் சொன்னதற்கு நன்றி.

அந்த பத்து வரை எண்ணும் வித்தையை இன்று செய்து பார்த்தேன். ஏழில் பேசிவிட்டேன்.

---

முதல்படி · நான்கு வாரங்களுக்குப் பிறகு, ஞாயிறு மாலை 5.15

என்ன ஆயிற்று என்று இரண்டு பேர் தனிமடலில் கேட்டார்கள். சொல்கிறேன். படத்தில் வருவது போல எதுவும் நடக்கவில்லை.

முதலில் இளையவரிடம் போனேன். மின்கம்பி எழுதிக் கொடுத்ததை ஏறக்குறைய அப்படியே சொன்னேன். அவர் "சரி" என்றார். அதே "சரி". நான் கூனிக்குறுகித் திரும்பினேன். ஒரு வாரம் கழித்து அவராக வந்து, "அன்று பயமாக இருந்த இடம் எது என்று காட்டுகிறேன் என்றீர்களே" என்றார். ஒரு மணி நேரம் உட்கார்ந்தோம். நான் மாற்றியதில் ஓர் இடத்தில் அவர் எழுதியதே மேல் என்று காட்டினார். உண்மைதான், வட்டிக் கணக்கில் ஒரு விதிவிலக்கை அவர் யோசித்திருந்தார். நான் அதை அழித்துவிட்டிருந்தேன். இத்தனை நாளும் அந்தப் பிழை என் பெயரில் ஓடிக்கொண்டிருந்தது.

மூத்தவரோடு நடந்து போய்க்கொண்டே பேசினேன். "கோபம் இருந்தது, உன் மேல் இல்லை, எனக்கு ஏன் கிடைக்கவில்லை என்று யாரும் காரணம் சொல்லவில்லை, அதுதான்" என்றார். சர்வரைப் பற்றி நான் கேட்கவில்லை. அவரே சொன்னார், எனக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்தாராம். நான் எல்லாவற்றிலும் கை வைப்பவன் என்பதால் அதையும் பார்த்துக்கொண்டிருப்பேன் என்று நம்பியிருக்கிறார். இது உண்மையா, மரியாதைக்குச் சொன்னதா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அவருக்கு ஏன் கிடைக்கவில்லை என்று என் மேலாளரிடம் கேட்டேன். மழுப்பினார். அடுத்த வாரம் மறுபடி கேட்கப்போகிறேன். கறுப்புப்பெட்டி சொன்ன மேல்பக்க வேலை இதுதான் போலிருக்கிறது.

கூட்டங்களில் கடைசியில் பேசுகிறேன். முதல் நாள் கேள்வியைக் கேட்டுவிட்டுச் சும்மா இருந்தபோது எவ்வளவு நேரம் அமைதி என்று சுவர்க் கடிகாரத்தில் பார்த்தேன், 40 விநாடி. நரகம். பிறகு ஒருவர் ஒரு வழி சொன்னார். என் மனதில் இருந்ததைவிடக் கொஞ்சம் மட்டமான வழி. ஆனால் பிழைத்துவிடும் வழி. அதையே செய்யச் சொன்னேன். இரண்டு நாள் தாமதமானது. திரும்பிவந்தவன், உங்கள் சோதனையை வைத்துப் பார்த்தேன். முகமும் நினைவுக்கு வருகிறது, இரண்டு நாளும் நினைவுக்கு வருகிறது. இப்போதைக்கு இங்கேயே இருக்கிறேன், ஆறு மாதம் கழித்து மறுபடி பார்க்கிறேன்.

வெள்ளிக்கிழமை இளையவர் ஒரு பிழையோடு வந்தார். இன்னும் எதுவும் விழவில்லை, விழலாம் என்ற நிலையிலேயே கொண்டுவந்துவிட்டார். ஐந்து மாதத்தில் முதல் முறை. எனக்குப் பெருமூச்சு தொண்டை வரை வந்துவிட்டது. பாதியில் இருமலாக மாற்றிவிட்டேன்.

---

கீழ்வரிசை · ஞாயிறு மாலை 5.32

இருமலும் எங்களுக்குப் புரியும். ஆனால் முயற்சி செய்கிறீர்கள் என்பதும் புரியும்.

---

அரைப்புள்ளி · ஞாயிறு மாலை 5.34

அந்த வட்டிப் பிழையைத் திருத்தியாயிற்றா?

---

முதல்படி · ஞாயிறு மாலை 5.50

அவர் திருத்திக்கொண்டிருக்கிறார். நான் தொடவில்லை. திறந்துகூடப் பார்க்கவில்லை. சரி, ஒரு முறை பார்த்தேன்.